இந்தி, ஒடியா, சாந்தாலி பேசும் ஆட்களோடு தோப்பு வேலை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. களை வெட்ட, உரம் வைக்க, காய் உரிக்க, மாடு பார்க்க என்று எல்லாவற்றுக்கும் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து சாளையில் (தோப்புக்குள் ஆள் தங்கும் வீட்டில்) தங்கும் குடும்பங்களைத்தான் நம்பியிருக்கிறோம். எங்கள் தோப்பிலும் அப்படித்தான். முதல் குடும்பம் வந்தபோது யாரிடம் கேட்பது, எந்தக் காகிதம் வாங்குவது, எவ்வளவு முன்பணம் தருவது என்று சொல்ல ஆள் இல்லாமல் ரொம்பவே திண்டாடினோம். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாஷை தெரியல, அதனால வேலை கெட்டுப்போச்சு" என்று சொல்கிற தோட்டங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கெட்டிருப்பது கணக்கு. கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, லீவு எப்போது, இன்றைக்கு எந்த வரிசை வரைக்கும் வேலை என்பதெல்லாம் அந்த ஆளின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் பாஷை மெதுவாக வந்துகொள்ளும். அது இல்லாவிட்டால் நீங்கள் இந்தியில் பட்டம் வாங்கியிருந்தாலும் ஆள் நிற்க மாட்டார்.

1. வண்டி ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் எந்த மாவட்டம், வீட்டில் என்ன மொழி என்று கேளுங்கள். வடக்கிலிருந்து வருகிற எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர் வீட்டில் சாந்தாலியோ, முண்டாரியோ, ஹோவோ, குடுக்கோ, நாக்புரியோ பேசுகிறவராக இருக்கலாம். ஒடிசாக்காரர் ஒடியா, மேற்கு வங்கத்துக்காரர் வங்காளம். வெளியூர் போய் வேலை பார்த்த ஆண்களுக்கு இந்தி ஓரளவு ஓடும், ஆனால் முதல் தடவை ஊரை விட்டு வருகிற பெண்களுக்குப் பல சமயம் அதுவும் புதுசுதான். நீங்கள் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட நாலு இந்தி வார்த்தைக்கு அந்த அம்மா தலையாட்டுவது மரியாதைக்காக இருக்கலாம்.

வருகிற கூட்டத்தில் இந்தி நன்றாகப் பேசுகிறவர் யார், எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரே வேலையிலும் கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் இருப்பவரைப் பெரிய ஆளாக்கிவிட்டு, நன்றாக வேலை தெரிந்த அமைதியான ஆளை அவருக்குக் கீழே நிறுத்தினால் கூட்டத்துக்குள்ளேயே புகைச்சல் கிளம்பும். மொழிக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆளைக் கூட்டிவருகிற சர்தாரிடம் (வங்கம், ஜார்க்கண்ட் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், பீகார்காரர்கள் டேக்கேதார் என்பார்கள்) அவருடைய கமிஷனைத் தனியாகப் பேசி முடியுங்கள். ஆட்களின் கூலி அவர் கைக்குப் போகாது, நேராக ஆளுக்கே போகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாத சர்தார் வேண்டாம். கூலியை மொத்தமாக அவரிடம் கொடுத்து, அவர் பாதியைப் பிடித்துக்கொண்டு, "முதலாளி கொடுக்கலை" என்று ஆட்களிடம் சொல்லி, ஒரு நாள் விடியற்காலையில் சாளை காலியாகக் கிடந்த கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு.

முன்பு என்ன வேலை செய்தார்கள் என்பதும் முக்கியம். பலர் ஊரில் நெல்லும் காய்கறியும் விளைவிக்கிற சின்ன விவசாயிகள். மாடு, ஆடு, வரப்பு, நாற்று எல்லாம் நமக்குச் சமமாக, சில சமயம் நம்மைவிட நன்றாகவே தெரியும். சொட்டுநீர்க் குழாயையும் தேங்காய் உரிக்கிற பாரையையும் அவர்கள் பார்த்திருக்காமல் இருக்கலாம். மரம் ஏறத் தெரியாத ஆளை மரத்தில் ஏற்றவே கூடாது. அதற்கென்று பழகிய ஆட்கள் இருக்கிறார்கள்.

2. ஆவணங்கள்

வந்த முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அப்புறம் நடக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக:

ஆதார் நகல். நகல் மட்டும். ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம், காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

ஊர் முகவரி. ஆதாரில் இருப்பது போதாது. கிராமம், பஞ்சாயத்து, பிளாக், தானா (அவர்கள் ஊர்க் காவல் நிலையம்), மாவட்டம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் இரண்டு பேருடைய செல் நம்பரும் வேண்டும், அதை நீங்களே அங்கேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல், கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு. இல்லையென்றால் தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கை ஆதாரும் செல்போனும் வைத்தே தொடங்கிவிடலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது: ஆதாரோடு இணைந்திருக்கும் நம்பர் எப்போதோ தொலைந்துபோன சிம்முடையதாக இருக்கும், ஓடிபி வராது, எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஆகவே முதல் வேலையாக ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் இப்போதைய நம்பரைச் சேருங்கள். செலவு நூறு ரூபாய்க்குள்தான், ஆனால் நம்பர் ஏறச் சில நாட்கள் ஆகலாம்.

வயதை ஆதாரில் பாருங்கள். பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்ட ஆதார்கள் நிறைய உண்டு, அது உத்தேசமாகப் போட்ட தேதி. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். 18 ஆகாத பையனை பூச்சிமருந்துக்கும் மிஷினுக்கும் பக்கத்தில் விடக் கூடாது. என்னைக் கேட்டால் 18-க்குக் கீழே யாரையும் கூலிக்கு எடுக்காதீர்கள்.

இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், 16 முதல் 59 வயது வரை பதியலாம், ஆதாரும் அதோடு இணைந்த நம்பரும் வங்கிக் கணக்கும் இருந்தால் பொதுச் சேவை மையத்தில் முடிந்துவிடும். தமிழ்நாடு தொழிலாளர் துறை இணையதளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸை மறக்காதீர்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். ஜீவன் ஜோதி திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும் என்பதால் மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூலி வந்த அன்றே முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டுக் கணக்கைக் காலியாக வைத்திருப்பார்கள், 20 ரூபாய் இல்லாமல் பாலிசி நின்றுபோகும். இந்த 456 ரூபாயை ஆளிடம் பிடிக்காமல் நீங்களே கட்டுவதுதான் முறை.

ஊரில் ரேஷன் கார்டு இருந்தால் அதன் நம்பரை வாங்குங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்து ஆதாரும் இணைந்திருந்தால் இங்கேயுள்ள கடையிலேயே கைரேகை வைத்து அரிசியோ கோதுமையோ வாங்கலாம். நம் மாநிலம் தனியாகக் கொடுக்கிற பருப்பு, எண்ணெய் கிடைக்காது. இவர்கள் பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, ஊரிலிருப்பவர்கள் மீதியை அங்கே வாங்கலாம். கடைக்காரர் முதல் தடவை "வெளி கார்டு இங்கே ஆகாது" என்று திருப்பி அனுப்பினால் கூடப் போய் நின்று பேசுங்கள். பாஷை தெரியாத ஆளைத் தனியாக அனுப்பினால் வெறுங்கையோடுதான் வருவார்.

3. கூலிப் பேச்சு

வாயால் பேசாதீர்கள், செல்போன் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுங்கள். எண் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாள் கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, மழை பெய்து வேலை நின்றால் என்ன, காய்ச்சலில் படுத்தால் என்ன, கரண்ட், வாடகை பிடிக்கிறீர்களா இல்லையா என்று ஒவ்வொன்றாக. உதாரணத்துக்கு நாள் கூலி 600 என்று வைத்துக்கொள்வோம். 26 நாள் வேலை என்றால் 15,600. அதில் முன்பணத்துக்காக 1,500 பிடித்தால் கைக்கு 14,100. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகு ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து அவர் செல்லுக்கும் அனுப்பிவிடுங்கள்.

விவசாய வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி இருக்கிறது, தொழிலாளர் துறை இணையதளத்தில் இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்து அதற்குக் கீழே போகாதீர்கள். உள்ளூர் ஆளுக்கு ஒரு கூலி, வெளியூர் ஆளுக்கு ஒரு கூலி என்று வைத்தால் அது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், தெரிந்த அன்றே வேலை பாதியாகக் குறையும்.

பெண் கூலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஜோடிக்கு இவ்வளவு" என்று பேசி, மனைவி செய்கிற மாட்டு வேலை, சாணி அள்ளுவது, பால் பீய்ச்சுவது, உதிர்ந்த மட்டை பொறுக்குவது எல்லாவற்றையும் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறது எங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. இது அநியாயம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976-லிருந்தே சட்டம். அவர் கூலி அவர் கணக்குக்குப் போகட்டும். குடும்பம் இங்கே நிற்பதா கிளம்புவதா என்பதை முடிவு செய்வதில் அந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது கொஞ்ச நாளில் உங்களுக்கே தெரியும்.

முன்பணம் கேட்பார்கள், ஊரில் கடன் இருக்கும், கல்யாணம் இருக்கும். ஒரு மாதக் கூலிக்கு மேல் தராதீர்கள். பெரிய தொகை கொடுத்து ஆளைக் கட்டிப்போடலாம் என்று நினைப்பது தப்பு. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பதும், அதற்காக ஆதாரைப் பிடித்து வைப்பதும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டிவிடும், மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், போக நினைக்கிற ஆளைப் பிடித்து வைத்து வாங்குகிற வேலை தோப்புக்கு நல்லதும் இல்லை. பாக்கியோடு போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.

4. சாளையும் சாப்பாடும்

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு ஃபேன், இரண்டு லைட், செல்போன் சார்ஜ் போட பிளக், பக்கத்திலேயே கழிப்பறையும் குளிக்கத் தடுப்பும், குடிக்க நல்ல தண்ணீர். ஆள் வருவதற்கு முன்பே இதெல்லாம் தயாராக இருக்க வேண்டும். செல்போன் டவர் சாளையில் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு வைஃபை போட்டுக் கொடுங்கள். ராத்திரி ஊரிலிருக்கும் அம்மா முகத்தையும் பிள்ளை முகத்தையும் வீடியோவில் பார்க்க முடியாத இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் வர, பல பேர் கிளம்பிப் போனார்கள். அப்படி ஒரு வதந்தி வரும்போது நீங்கள் சொல்கிற சமாதானம் எதுவும் எடுபடாது. அவரே தோப்பைச் சுற்றிக் காட்டி வீட்டாரோடு பேசுவதுதான் நம்பிக்கை கொடுக்கும்.

சாப்பாட்டை அவர்களே சமைத்துக்கொள்ளட்டும். முதல் நாளுக்கு அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள், உப்பு, அப்புறம் ஒரு லிட்டர் கடுகு எண்ணெய் வாங்கி வையுங்கள். கடுகு எண்ணெய் ரொம்ப முக்கியம், நம் கடலை எண்ணெயில் சமைத்தால் அவர்களுக்குச் சோறு இறங்குவதில்லை. கிழக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சோறு சாப்பிடுகிறவர்கள், பீகார்காரர்களுக்குக் கோதுமை மாவும் வேண்டும். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் வெங்காயம், மிளகாயோடு சாப்பிடுவது ஒடிசாவிலும் வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் உண்டு, அதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏய் இந்திக்காரா", "வடக்கா" என்று கூப்பிடுவதை வீட்டுப் பிள்ளைகளிடமும் உள்ளூர் ஆட்களிடமும் முதல் நாளே நிறுத்திவிட வேண்டும், வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரியும். வயதில் பெரியவரை பையா (இந்தியில் அண்ணன்) என்றும் பெண்களை தீதி (அக்கா) என்றும் கூப்பிட்டால் அவர்களும் அண்ணா, அக்கா என்று நம் முறைக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள். நம் வீட்டுக்கு வரும் மற்றவர்களுக்கு எந்த டம்ளரில் டீயோ அதே டம்ளரில்தான் இவர்களுக்கும்.

5. வேலை சொல்லிக்கொடுப்பது

இதுதான் பெரிய பகுதி. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன், மற்றதற்கும் அப்படியே செய்துகொள்ளுங்கள்.

தென்னைக்கு உரம் வைப்பது. காய்க்கிற நெட்டை மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, ஜூன், ஜூலையில் பாதியும் டிசம்பர், ஜனவரியில் பாதியுமாக வைக்கிறோம். ஆக ஒரு தடவைக்கு யூரியா 650 கிராம், மற்ற இரண்டும் தலா ஒரு கிலோ. இதை வாயால் சொன்னால் ஒன்றும் நடக்காது. மூன்று பிளாஸ்டிக் ஜக் வாங்குங்கள், மூன்றும் மூன்று நிறம். வெள்ளை ஜக்கில் யூரியாவை எடைபோட்டு ஊற்றி 650 கிராம் நிற்கிற இடத்தில் பெயின்டால் வெளியே ஒரு கோடு. அதே மாதிரி மற்ற இரண்டிலும். மூட்டை மேலேயும் அந்தந்த நிறத்தில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். அடுத்தது வட்டம்: ஆறடிக் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையில் குச்சி கட்டிச் சுற்றி வந்தால் வட்டப்பாத்தியின் அளவு தரையில் விழுந்துவிடும். உரத்தை அந்த வட்டத்துக்குள் பரப்பி, மண்ணோடு கொத்திவிட்டு, தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

முதல் மரத்துக்கு நீங்கள் செய்யுங்கள், ஒரு வார்த்தை பேசாமல். இரண்டாவது மரத்துக்கு இருவரும் சேர்ந்து. மூன்றாவது மரத்துக்கு அவர் செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், நடுவில் புகுந்து ஜக்கைப் பிடுங்காதீர்கள். நாலாவது மரத்துக்கு அவர் தன் மனைவிக்கோ தம்பிக்கோ சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் மொழியில். இந்த நாலாவது மரத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் என்ன புரிந்திருக்கிறது, என்ன புரியவில்லை என்பது நமக்குத் தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், முதலாளியிடம் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்.

மரங்களுக்கு நம்பர் போடுங்கள். 25 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 70 மரம் வரும், ஒவ்வொரு வரிசையின் முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் வரிசை எண்ணைச் சுண்ணாம்பில் எழுதினால் போதும். "அந்த வாய்க்கா ஓரம், மாமரத்துக்குக் கிழக்கே" என்று சொல்வதைவிட 14 முதல் 18 என்று விரலால் காட்டுவது எளிது. கேட்வால்வுகளுக்கு நிறம் அடியுங்கள், மோட்டார் ரூம் சுவரில் எந்த நிறம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நிறப் பொட்டு வைத்து எழுதி மாட்டுங்கள். மும்முனை கரண்ட் வரும் நேரம் மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்ற வேண்டும், பழைய தாள் சுவரில் இருந்தால் மொத்தமும் குழம்பும். பரப்பளவு சொல்லும்போது ஜார்க்கண்ட், வங்கத்து ஆட்களிடம் டெசிமல் என்று சொல்லுங்கள், அது நம் சென்ட்டேதான், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. பீகார்காரர்கள் பீகா, கட்டா என்பார்கள், அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அதில் பேசாதீர்கள். நாள் சொல்லும்போது நாளைக்கு, நாளன்னைக்கு என்று சொல்லாமல் காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டுங்கள்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் இந்தி, வங்காளம், ஒடியா எல்லாம் உண்டு, 2024-லிருந்து சாந்தாலியும் வந்திருக்கிறது. ஆனால் நம் கொங்குப் பேச்சை அப்படியே பேசினால் அது என்னத்தையோ சொல்லும். எழுத்துத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை விடாமல் பேசுங்கள். "தண்ணி திருப்பிட்டு அப்படியே அந்தப்பக்கம் மாட்டப் பாத்துட்டு வந்துரு" என்று பேசாமல், "நீங்கள் முதலில் வால்வைத் திறங்கள்", "பிறகு மாட்டைப் பாருங்கள்" என்று இரண்டாகப் பிரியுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்காக மொழிகளை முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பணம், உடம்பு, சண்டை இந்த மூன்றுக்கும் ஆப்பை நம்பக் கூடாது, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் போனில் பிடியுங்கள். டவுனில் டீக்கடையிலோ மில்லிலோ பல வருஷமாக இருந்து தமிழ் நன்றாகப் பேசுகிற அவர்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

6. மருந்து, கரண்ட், பாம்பு

இதில் பாஷை தெரியாது என்கிற சாக்கு செல்லாது, உயிர் போகிற விஷயம்.

பூச்சிமருந்து டப்பாவில் சதுரத்துக்குள் ஒரு முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சைதான் குறைவு. இந்த நாலு நிறத்தையும் ஆட்களுக்குக் காட்டிவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும். மருந்து கலக்குவதை நீங்களே செய்யுங்கள், அடிக்கும்போது கையுறை, முகமூடி, முழுக்கை சட்டை, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது வரை கூட நில்லுங்கள். மருந்தடிப்பை ஒருபோதும் டேங்குக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் விடாதீர்கள், அவசரத்தில் முகமூடியைக் கழற்றிவிடுவார்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள், பளபளவென்று இருக்கிறதே என்று சமையலறைக்குப் போய்விடும்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஃபியூஸ் போனால் யாரும் கை வைக்கக் கூடாது என்பதை நடித்தே காட்டுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. 108-க்குப் போன் போட்டால் அந்தப் பதற்றத்தில் தமிழில் வழி சொல்ல அவர்களால் முடியாது. அதனால் சாளைச் சுவரில் தோப்பின் முகவரி, பக்கத்து பஸ் ஸ்டாப், உங்கள் நம்பர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர் எல்லாம் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். தமிழில் நாலு வாக்கியம் மட்டும் மனப்பாடம் ஆகட்டும்: பாம்பு கடித்துவிட்டது, கரண்ட் அடித்துவிட்டது, மருந்து குடித்துவிட்டார், இந்த இடத்துக்கு வாருங்கள். வாரம் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

7. சம்பள நாள்

ஒரு நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம், தேதி, வேலைக்கு வந்ததற்கு ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக் கோடு, வாங்கிய பணம், மீதி. அந்தப் பக்கத்தைத் தினமும் சாயங்காலம் அவர் முன்னாலேயே போடுங்கள், போட்டதும் அவர் தன் செல்லில் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுகிற கணக்கில்தான் சண்டை வருகிறது. நீங்கள் ஏமாற்றவே இல்லை என்றாலும், வேறு பாஷைக்காரர் தனியாக உட்கார்ந்து எழுதுகிற கணக்கை யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள்.

சொன்ன தேதியில் கூலி போக வேண்டும், காய் விலை இறங்கினாலும் சரி, வியாபாரி பணம் தராமல் இழுத்தாலும் சரி. ஊரில் அந்தத் தேதியை நம்பி ஒரு கடன் தவணையோ ஒரு டியூஷன் பீஸோ காத்திருக்கும். செலவுக்கு வாரா வாரம் கொஞ்சம் கையில், மீதி கணக்கில் என்பது அவர்களுக்கு வசதி.

உற்சாகப்படுத்த என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து வேலை செய்தவை இவை: ஞாயிற்றுக்கிழமை முழு லீவு, சந்தைக்குப் போய்வர வண்டி. எண்ணிக்கைக்குக் கூலி தருகிற வேலைகளில், அதாவது காய் உரிப்பு, மட்டை அடுக்குவது போன்றவற்றில் அன்றன்றைக்கு எண்ணிச் சொல்லிவிடுவது. நன்றாக நிற்கிற குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் விட்டுக் காய்கறி போட்டுக்கொள்ளச் சொல்வது, ரெண்டு ஆடு வளர்க்க விடுவது. அப்புறம், அவர்கள் சொல்கிற யோசனையைக் கேட்பது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் மாட்டுக்கொட்டகையில் மூத்திரம் வடிகிற வாட்டம் சரியில்லை என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மம்பட்டியைக் கையில் கொடுத்து, செய்யுங்கள் என்றேன். அரை நாளில் வாட்டத்தை மாற்றிக் குழியோடு சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு கொட்டகையில் எது செய்வதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் செய்கிறோம், அவரும் அதைத் தன் சொந்த வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் கூட வந்திருந்தால் அங்கன்வாடிக்கும் பக்கத்து அரசுப் பள்ளிக்கும் நீங்களே கூட்டிப்போய்ச் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது, வருஷத்தின் நடுவிலும் சேர்க்கலாம். பள்ளிக்குப் போகிற பிள்ளை ஆறு மாதத்தில் தமிழ் பேசும், வீட்டுக்கே அதுதான் மொழிபெயர்ப்பாளர். ஆனால் கூலிக் கணக்கையும் சண்டையையும் பிள்ளையை வைத்துப் பேசாதீர்கள்.

8. ஊருக்குப் போகிற காலம்

சொல்லாமல் போய்விட்டார்கள் என்று புலம்புகிறோம், அவர்கள் ஊர்க் காலண்டர் நமக்குத் தெரியாததுதான் பாதிக் காரணம். பீகார் என்றால் தீபாவளியும் அடுத்த ஆறாம் நாள் சட் பூஜையும், ஹோலியும். வங்கத்து இந்துக்களுக்குத் துர்க்கா பூஜை, முஸ்லிம்களுக்கு ஈத். ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்கு வசந்தத்தில் சர்ஹுல், ஆகஸ்ட், செப்டம்பரில் கர்மா, தீபாவளியை ஒட்டி சோஹ்ராய். ஒடிசாவுக்கு ஜூன் நடுவில் ரஜா, மேற்கு ஒடிசாவுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய். இது போக ஊரில் சொந்த நிலம் இருப்பவர்கள் ஜூலையில் நடவுக்கும் நவம்பர், டிசம்பரில் அறுவடைக்கும் போயே ஆக வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டுப் போடவும் போவார்கள்.

வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே காலண்டரை வைத்து எப்போது போகிறீர்கள் என்று கேட்டு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் மாதிரி ஜார்க்கண்ட் போகிற வண்டிகளில் பண்டிகைச் சமயத்தில் இடம் உடனே தீர்ந்துவிடும். ஆகவே அந்த 60-ஆம் நாள் காலையிலேயே போகவும், வருகிற தேதிக்கு அது திறக்கும்போது திரும்பவும், நீங்களே டிக்கெட் போட்டுக் கொடுங்கள். போக வர நாலைந்து நாள் ரயிலிலேயே போய்விடும், அதையும் சேர்த்து ஒரு மாதமாவது லீவு கணக்கு வையுங்கள். பதினைந்து நாளில் வா என்றால் வராமலே இருந்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் நோட்டை விரித்து முழுக் கணக்கையும் தீர்த்துவிடுங்கள். "திரும்பி வந்தால்தான் மீதி" என்று பாக்கி நிறுத்தி வைக்காதீர்கள், வரப்போகிறவரையும் அது வரவிடாமல் செய்யும். திரும்பி வருகிற டிக்கெட்டின் காசை மட்டும் உங்கள் செலவில் வையுங்கள், வந்த பிறகு ஒரு சின்னத் தொகை போனஸாகக் கொடுங்கள். லீவுக் காலத்துக்கு மாடு பார்க்க மாற்று ஆளையும் அந்த 60 நாளுக்குள்ளேயே பேசி வைத்துவிடுங்கள். முடிந்தால் போகிறவரே தன் ஊரிலிருந்து ஒருவரை முன்கூட்டி வரவழைத்து, ஜக்கில் போட்ட கோடும் வால்வு நிறமும் எதற்கு என்று காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும்.